சமாதானமா இருக்கியாய்யா?

சாப்பிட்டாச்சா, அங்கே மழையா, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா எல்லாம் கேட்டு முடித்து, போனை வைக்குமுன் எங்கம்மா கடைசியாகக் கேட்பது இதைத்தான். மற்றவர்கள் 'நல்லா இருக்கியா' என்று கேட்கிற இடத்தில் அம்மாவுக்கு இந்தச் சொல். வெளியே சமாதானம் என்றால் சண்டைக்குப் பிறகு வருவது. இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி முடிப்பது. பழைய மொழிபெயர்ப்பு பைபிளில் வளர்ந்த எங்களுக்கு அது மனசின் நிலை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'அமைதி' என்று போட்டிருக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் அமைதி என்றதும் எனக்கு லைப்ரரிதான் ஞாபகம் வருகிறது (பழக்கதோஷம்!). சத்தம் இல்லாமல் இருப்பது வேறு, உள்ளே சண்டை ஓய்ந்து இருப்பது வேறு.

எனக்கு உள்ளே சண்டை நடந்தது 2022இல். அப்பா போன மறு வருஷம். நாசரேத் வீட்டில் அம்மா தனியாக, நான் புனேயில், அக்கா மஸ்கட்டில். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா? வீட்டை விற்றுவிட்டு அம்மாவை இங்கே கூட்டி வந்துவிடலாமா? இல்லை இப்படியே ஓடட்டுமா? பகலில் இந்தக் கேள்விகள் வராது. ராத்திரி இரண்டு மணிக்கு டாண் என்று வரும். பின்னாலேயே வீட்டு லோன், பெரியவளின் பத்தாம் வகுப்பு, ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வெளியூரில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு மணி பழக்கமானதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் ஒரு ஜெபக்கூட்டத்தில் பிரசங்கியார் ஒருவர், கவலைப்படுவதே அவிசுவாசம் என்று அடித்துச் சொன்னார். ஏற்கெனவே தூங்காதவனுக்கு இன்னொரு கவலையையும் கொடுத்து அனுப்பினார், அவ்வளவுதான். இப்படிப் பேசுகிறவர்கள் எலியாவின் கதையை எப்படி வாசிப்பார்களோ தெரியாது. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். யேசபேலுக்குப் பயந்து ஓடிய எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, செத்தால் போதும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துத் தூங்குகிறார். இரண்டாம் தடவையும் சாப்பாடுதான். கேள்வி கேட்பதெல்லாம் அதற்கு அப்புறம், ஓரேப் மலையில். நானும் முதலில் டாக்டரிடம்தான் போனேன். பிரஷர் இருந்தது, மாத்திரை எழுதினார், சாயங்காலக் காப்பியை நிறுத்தச் சொன்னார். அதையும் கர்த்தர் கொடுத்த அடை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மாத்திரை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாதே.

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தின் 6, 7 வசனங்கள் நம்மில் பலருக்குச் சின்ன வயசிலேயே மனப்பாடம். எங்கள் வீட்டில் காலண்டர் அட்டையில் தொங்கியது. கவலைகளை வேண்டுதலாக மாற்றி, நன்றியோடு கடவுளிடம் சொல்லிவிடுகிறவர்களின் மனசைச் சமாதானம் காக்கும் என்று பவுல் எழுதுகிறார். எழுதும்போது அவரே காவலில் இருக்கிறார். அந்த இடத்தில் அவர் போட்டிருக்கும் கிரேக்கச் சொல், படைவீரர்கள் ஒரு நகரத்தைக் காவல் காப்பதைச் சொல்வது. பிலிப்பி பட்டணம் ரோமர்களின் குடியேற்றம், ஓய்வுபெற்ற சிப்பாய்களைக் குடியமர்த்திய ஊர். படித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும்.

இது எனக்குப் பெரிய உதவி. மனத்தெளிவு என்றால் யோசனைகளே இல்லாமல் காலியாக உட்கார்ந்திருப்பது என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கண்ணை மூடி முயற்சி செய்து சலித்துப்போகிறார்கள். காவல் என்றால் அப்படியில்லை. ஊருக்குள் ஆட்கள் வருவார்கள், போவார்கள். எங்கள் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டர் வைத்திருப்பது மாதிரி: பெயர் என்ன, எங்கேயிருந்து வருகிறாய், யாரைப் பார்க்க வேண்டும்?

அந்த ரிஜிஸ்டரை எப்படி எழுதுவது என்று காட்டியவர், சிரிக்காதீர்கள், ஒரு கத்தோலிக்கப் புனிதர். லொயோலா இஞ்ஞாசியார். நானோ பரம்பரை சி.எஸ்.ஐ.! இங்கே ஒரு நண்பர் இழுத்துக்கொண்டு போன ஒருநாள் தியானத்தில், இயேசு சபை ஃபாதர் ஒருவர் அவர் கதையைச் சொன்னார். 1521இல் பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் இஞ்ஞாசியார். படிக்க வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்கள் கதையும்தான். இரண்டு விதமான பகல்கனவுகள் அவருக்கு மாறி மாறி வந்தன. புகழையும் சீமாட்டியையும் பற்றிய கனவு வரும்போது இனித்தது, போனபிறகு வெறுமையாக விட்டது. ஏழையாகக் கடவுளுக்கு உழைப்பதைப் பற்றிய கனவு போனபிறகும் நிறைவாகவே வைத்திருந்தது. எல்லாம் இந்தச் சின்னக் கவனிப்பில் ஆரம்பித்தது. வரும்போது எப்படி இருக்கிறது என்று பார்க்காதே, போனபிறகு என்ன விட்டுச்செல்கிறது என்று பார்.

அந்நியர் என்றும் சொல்ல முடியாது. அவருடைய முதல் தோழர்களில் ஒருவரான சவேரியார் 1542இல் வந்து இறங்கி உழைத்தது எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையில்தானே. மணப்பாட்டுக் குகையைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி குடும்ப ஜெபம் முடிந்ததும் கால்மணி நேரம் உட்கார ஆரம்பித்தேன். முதலில் நன்றி. அன்று நடந்ததில் குறிப்பாக ஏதாவது ஒன்றுக்கு, 'எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்' என்று மொத்தமாக அல்ல. பிறகு வெளிச்சம் கேட்டு, காலையிலிருந்து நாளை ஓட்டிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கு ஒப்புக்கொடுப்பது. இவ்வளவுதான். "என்ன, அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்று வீட்டுக்காரி கேலி பண்ணுவாள். முதல் இரண்டு வாரம் பாதியில் தூங்கிவிழுந்தேன் (டாக்டருக்குச் சந்தோஷம்).

மூன்றாம் வாரம் போல ஒன்று பிடிபட்டது. வேலையை விட்டுவிடு என்ற யோசனை எப்போதும் சூடாக, அவசரமாக, இன்றைக்கே என்று வந்தது. போனபிறகு வாய் உலர்ந்து கிடந்தது. அம்மாவிடமே கேட்டுப் பார் என்பது மெதுவாக வந்தது. அது போனபிறகு மூச்சு சீராக இருந்தது. மனம் வறண்டு இருண்டு கிடக்கும் காலத்தில் எந்த முடிவையும் மாற்றாதே, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவில் நில் என்பது இஞ்ஞாசியாரின் விதிகளில் ஒன்று. ஐ.டி. கம்பெனிகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்‌ஷனில் கை வைக்காதே என்போமே, அதுமாதிரி. ராஜினாமாக் கடிதம் டிராஃப்டிலேயே கிடந்தது.

கிறிஸ்துமஸ் லீவில் அம்மாவிடம் கேட்டேன். கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கோயில்ல எங்க பெஞ்சுல எனக்குப் பதிலா யாருய்யா உட்காருவா?" என்றார்கள். வெயில் காலத்துக்கு மட்டும் புனே, மற்ற மாதங்களில் நாசரேத், ராத்திரிக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுச் சித்தி என்று முடிவாயிற்று. அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும் பயம் முழுசாகப் போய்விடவில்லை. அகால நேரத்தில் போன் அடித்தால் இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் இப்போது ஒரு தடவை புரண்டு படுத்துத் தூங்கிவிட முடிகிறது.

இந்த வருஷமும் ஈஸ்டர் முடிந்ததும் கிளம்ப நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் லோயர் பெர்த் போட்டாயிற்று. தூத்துக்குடி மக்ரூன் எத்தனை கிலோ என்பதில்தான் இப்போது பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் பேச்சுவார்த்தை.