எந்த நாள் கட்டப் போறீங்க?

"அவசரமில்லக்கா, நேரம் கிடைக்கும்போது தைங்க" என்று ஜாக்கெட் துணியை வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் நாலாம் நாள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. வீட்டில் தைப்பவளுக்கு ரசீதும் தேதியும் கிடையாது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால் துணியைக் கையில் வாங்குமுன் நான் கேட்பது, "எந்த நாள் கட்டப் போறீங்க?" எப்போது வேண்டும் என்று கேட்டால் எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும். கட்டும் நாளைக் கேட்டால் வளைகாப்பா, கிரகப்பிரவேசமா என்பது வெளியே வந்துவிடும். அதற்கு மூன்று நாள் முந்தைய தேதியை எழுதிக் கொடுக்கிறேன். போட்டுப் பார்த்து, கை இறுக்கமென்றால் பிரித்துத் தைக்க அந்த நாட்கள் வேண்டும்.

நோட்டில் பெயர், கழுத்து இறக்கம், லைனிங் யாருடையது, முன்பணம் எவ்வளவு என்பதோடு, துணியின் ஓரத்தில் சின்னத் துண்டு நறுக்கி அதே பக்கத்தில் குத்திவைப்பேன். தீபாவளி நெருக்கத்தில் ஒரே பச்சையில் இரண்டு பேர் துணி வரும்.

வெட்டுவது காலையில் மட்டும். பட்டின் நல்ல பக்கம் பகல் வெளிச்சத்தில்தான் சரியாகத் தெரிகிறது. விளக்கொளியில் கருநீலத்துக்குக் கறுப்பு நூலைக் கோத்துவிடுவோம். வெட்டும் நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மெஷினை நடுவில் நிறுத்தலாம், கத்தரியை நிறுத்தக் கூடாது. கொக்கி கட்டுவதும் ஹெம்மிங்கும் சாயங்காலத்துக்கு; பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டுக்கொண்டே செய்யலாம்.

காட்டன் லைனிங்கை முந்தின நாளே நனைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவைப்பிலேயே உள்துணி சுருங்கி மேல்துணியை இழுக்கும். மெல்லிய பட்டுக்கு 11ஆம் நம்பர் ஊசி, காட்டனுக்கு 14. பக்கத் தையலில் உள்ளே ஓர் அங்குலம் துணி விட்டுத் தைக்கிறேன். வெளியே தெரியாத அந்த ஓர் அங்குலத்தில்தான் எனக்குப் பெருமை. பிள்ளை பெற்ற பிறகும் கல்யாண ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுக்கொள்ளலாமே.

பணம் கேட்பதுதான் வீட்டுத் தொழிலில் கடினமானது. வருகிறவர்கள் அக்கம்பக்கத்தவர், உறவினர். நூல், கொக்கி, லைனிங் விலை தனி, கூலி தனி என்று சீட்டில் பிரித்து எழுதுங்கள். நாத்தனாருக்கும் சீட்டு உண்டு. குறைப்பதானால் கூலியில் குறைத்து, குறைத்ததையும் எழுதுங்கள். ஆடியில் முகூர்த்தத் துணி வராது. அந்த மாதத்து வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் வைகாசி வரவிலிருந்தே எடுத்துவைக்க வேண்டும்.

இன்னொன்றைத் தையல் தெரிந்த ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்லிவருகிறேன். "நான் சும்மா வீட்லதான் தைக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். தமிழ்நாடு தையல் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 வயது முதல் 60 வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம், சொந்தமாகத் தைப்பவர்களும்தான். பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் கேளுங்கள். ஆடியில் கை ஓய்வாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடலாம். ஆவணி பிறந்துவிட்டால் நேரம் கிடைக்காது.