புகைபோக்கிக்கு ஒரு சட்டை

அடுப்படியின் புகையைத் தமிழ் இலக்கியம் அன்பின் அடையாளமாகவே பெரிதும் கண்டு வந்திருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாடலில் தலைவியின் கண்களைத் தாளிப்புப் புகை சூழ்ந்துகொள்கிறது; அவள் அதைப் பொருட்படுத்தாமல் சமைத்து, கணவன் இனிதென்று உண்பதைக் கண்டு முகம் மலர்கிறாள். வகுப்பறையில் இப்பாடலை ஆண்டுதோறும் நடத்துகிறோம். இல்லறத்தின் இனிமையைச் சொல்கிறோம், செவிலியின் பெருமிதத்தைச் சொல்கிறோம். அந்தப் புகை எங்கிருந்து வந்தது, ஏன் அது வெளியே போகவில்லை என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. உரைகளும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கத்தக்க கேள்விதான் அது என்பதை எமக்கு உணர்த்தியது இலக்கியமன்று, பெரியம்மாவின் இருமல்.

திருத்துறைப்பூண்டி வட்டாரம் நெல்லுக்குப் பேர்போனது, விறகுக்கு அன்று. காடென்று சொல்லத் தெற்கே முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு ஒன்றுதான். ஆகவே இங்குள்ள அடுப்புகள் எது கிடைக்கிறதோ அதைத் தின்று பழகியவை. தென்னை மட்டை, பாளை, பன்னாடை, வரட்டி, உமி, கருவை முள் என எல்லாமே எரியும், எல்லாமே புகையும். 2007-இல் தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இருப்பினும் கொல்லைப்புறத்து விறகடுப்பு அணைந்துவிடவில்லை. வெந்நீர் வைக்க, நெல் அவிக்க, உறவினர் கூடும் நாள்களில் பெரிய அண்டா ஏற்ற அதுதான் வேண்டும். உருளை தீர்ந்து அடுத்தது வாங்கப் பணம் புரளும் வரைக்கும் அதுதான் துணை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் இப்பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, விழுந்த மரங்கள் நெடுநாள் விறகாயின. தோப்பை இழந்த வீட்டில் அந்தத் தோப்பே அடுப்பில் எரிந்தது.

பெரியம்மாவுக்கு எழுபது வயதைத் தாண்டி மூச்சு வாங்கத் தொடங்கியபோது, தஞ்சாவூரில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். மூச்சை ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதற்கேள்வி, "பீடி, சுருட்டுப் பழக்கம் ஏதும் உண்டாம்மா?" என்பதுதான். பெரியம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அடுப்பு ஊதுற பழக்கந்தாங்க ஐயா" என்றார். மருத்துவர் சிரிக்கவில்லை. ஐம்பது ஆண்டுகள் விறகுப் புகையில் நின்றவர்களின் நுரையீரலும் புகைபிடித்தவர்களின் நுரையீரலைப் போலவே பழுதுபடும் என்று பொறுமையாக விளக்கினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டுக்குள் எழும் புகையால் 2020-ஆம் ஆண்டில் இறந்தோர் தொகை சுமார் 32 லட்சம். அவர்களுள் பலர் பெரியம்மாவைப் போல் ஒரு பீடியும் பற்றவைத்திராதவர்களாகவே இருக்க வேண்டும்.

புகையில்லா அடுப்பு என்பது நம் நாட்டுக்குப் புதிய எண்ணமன்று. 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. அச்சங்கத்தின் இருப்பிடமான வார்தா மகன்வாடியில் உருவான 'மகன் சூலா', புகைபோக்கியோடு கூடிய மண் அடுப்பு. ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு வகுத்த அடுப்பைப் பற்றி 1953-இல் சென்னையிலிருந்தே ஒரு நூல் வெளிவந்தது. கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்பதே அதன் தலைப்பின் பொருள். 1980-களில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கி, 2002-இல் அது கைவிடப்படுவதற்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது.

அவற்றுள் எத்தனை நிலைத்தன என்பது வருத்தம் தரும் கதை. ஒரிசாவில் புகைபோக்கி அடுப்புகள் பெற்ற குடும்பங்களை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹன்னா, டஃப்லோ, கிரீன்ஸ்டோன் ஆகிய மூவர் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதலாண்டில் மூச்சோடு உட்செல்லும் புகை குறைந்தது. அதன்பின் பயன் தேய்ந்துபோயிற்று. அடுப்புகள் பழுதுபட்டன, பராமரிப்பு இல்லை, மக்கள் பழைய அடுப்புக்குத் திரும்பினர். நம் வட்டாரத்திலும் நாம் பார்த்த சில வீடுகளில், புகைபோக்கிக் குழாய் கூரைக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது. அல்லது முழங்கையளவு நீட்டிச் சுவருக்கு வெளியே நிற்கிறது. கேட்டால் ஒரே விடைதான்: "கீத்து பத்திக்கிடும் சார்."

இந்த அச்சத்தைப் பேதைமை என்று தள்ளுவதற்கில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. காவிரிப்படுகையில் கீற்றின் கீழ் அடுப்பு வைத்திருக்கும் எவரும் அந்த நாளை மறந்திருக்க முடியாது. வெறும் தகரக் குழாயைக் கூரைக்குள் நுழைத்துவிட்டு, 'பயப்படாதீர்கள்' என்று சொல்வது அறமாகாது. நாள்தோறும் குழாயின் சூட்டில் காய்ந்துகொண்டே வரும் கீற்று, ஒரு நாள் சிறு பொறியிலேயே பற்றிக்கொள்ளும்.

ஆனால் குழாயைக் குட்டையாக்கினால் புகை போகாது. புகையை வெளியே இழுப்பது குழாய் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் இழுப்பது குழாயின் உயரமும் அதற்குள் இருக்கும் சூடும் சேர்ந்துதான். சூடான காற்று எடை குறைந்தது. வெளிக்காற்று எடை மிகுந்தது. அந்த எடை வேற்றுமையே புகையை மேலே தள்ளுகிறது. வெளியே 30 பாகை வெப்பம் இருக்கையில், பத்தடிக் குழாய்க்குள் சராசரியாக 150 பாகை நிலவினால், கிடைக்கும் இழுவிசை சுமார் ஒரு மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். அவ்வளவு நொய்ந்த விசைதான். அதே குழாய் ஆறி 80 பாகைக்கு இறங்கிவிட்டால், அதிலும் பாதி போய்விடும். மெல்லிய தகரக் குழாய் வழியெல்லாம் சூட்டை இறைத்துக்கொண்டே போகிறது. ஆறிய புகையிலுள்ள நீராவியும் கீலும் குழாயின் உட்சுவரில் படிந்து, கரியோடு சேர்ந்து கெட்டிப்படுகின்றன. குழாய் குறுகக் குறுக, புகை வந்த வழியே திரும்பி அடுக்களைக்குள் இறங்குகிறது. கெட்டிப்பட்ட அந்தக் கசடும் ஒரு நாள் தீப்பிடிக்கக் கூடியதே.

ஆக, புகை மேலேறக் குழாய்க்குள் சூடு நிற்க வேண்டும். கூரை பிழைக்க அந்தச் சூடு வெளியே வரக்கூடாது. இரண்டு தேவைகளுக்கும் மருந்து ஒன்றே. குழாய்க்குச் சூடு காக்கும் சட்டை ஒன்று மாட்டிவிட வேண்டும்.

நம்மவர்கள் இதற்கு முதலில் நாடுவது மண்ணை. கனத்த மண் சூட்டைக் காப்பதாகத் தோன்றினாலும், அது சூட்டைக் குடித்துக்கொண்டு மெல்ல வெளியே கடத்துவது. சூட்டை மறிக்க வேண்டுமானால் இலேசான, உள்ளே காற்றைப் பொதிந்து வைத்திருக்கும் பொருள் வேண்டும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி 1980-களில் வகுத்த 'ராக்கெட் அடுப்பு', எரியும் அறையையும் அதன் மேலுள்ள குழலையும் இத்தகைய இலேசான பொருளால் சூழ்ந்து வைப்பதைத் தன் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொண்டது. அவ்வகைப் பொருள்களுள் ஒன்று சாம்பல்.

அதற்கு நம் ஊர் எங்கும் போக வேண்டியதில்லை. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆயிரம் கிலோ நெல்லுக்கு நாற்பது கிலோ சாம்பல் என்று கொள்ளலாம். அதன் பெரும்பகுதி சிலிக்கா; எளிதில் உருகாது, இனி எரியாது. எஃகு ஆலைகளில் உருகிய எஃகின் மேற்பரப்பு ஆறிவிடாமல் மூடி வைக்க இதைத்தான் தூவுகிறார்கள். நெல் அவிக்கும் நம் அரவை ஆலைகளின் கொதிகலன்கள் உமியையே தின்று சாம்பலைக் குவிக்கின்றன. எஃகு ஆலைக்கு வேண்டியிருக்கும் அந்தப் பொருள், இங்கே பள்ளம் தூர்க்கப் போகிறது.

பெரியம்மாவின் கொல்லை அடுக்களையில் நாம் செய்தது எளிய வேலைதான். தகரப்பட்டறையில் நான்கங்குல விட்டமுள்ள பத்தடிக் குழாய் ஒன்றும், அதைச் சூழ எட்டங்குலக் குழாய் ஒன்றும் செய்து வாங்கினோம். சுற்றிலும் ஈரங்குல இடைவெளி மாறாதிருக்க இடையிடையே சிறு தகரத் துண்டுகள் வைத்து, அடிவாயை வளையத்தால் அடைத்து, சாம்பலைக் கொட்டித் தட்டித் தட்டி நிரப்பினோம். ஒரு சாக்குச் சாம்பலே போதுமானதாயிற்று. நன்றாக வெந்து வெளுத்த சாம்பலாகப் பொறுக்கியெடுக்க வேண்டும். உமியை அப்படியே நிரப்பினால் அதுவே உள்ளுக்குள் கனன்று எரியும். நிரப்புகையில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம். அந்தத் தூசியும் நுரையீரலுக்குப் பகைதான். ஈரம் கோத்த சாம்பல் சூட்டைத் தடுக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அஞ்சி, மேல்வாயை வளையத்தால் மூடி, அதற்கும் மேலே கூம்புத் தொப்பி ஒன்று வைத்தோம். குழாய் கூரையைக் கடக்குமிடத்தில் சுற்றிலும் ஓரடிக் கீற்றை வெட்டியெடுத்துத் தகரச் சட்டம் பொருத்தினோம். குழாயின் முனை கூரைக்கு மேல் இரண்டடி உயர்ந்து நிற்கிறது. அடியில் கரியள்ள ஒரு சிறு கதவு உண்டு. பதினைந்து நாள்களுக்கொரு முறை, கயிற்றில் கட்டிய தேங்காய் நார்ப் பந்தை மேலிருந்து உள்ளே விட்டு இழுத்தால் போதும். தொப்பியைக் கழற்றி இதைச் செய்பவர் பெரியம்மாவின் பேரன். செய்யத் தவறினால் அவனுக்கு அன்று வெந்நீர் இல்லை என்பது பெரியம்மா விதித்த சட்டம்.

அடுப்பு நன்கு எரியும்போதும் வெளிக்குழாயைத் தொட்டால் கை சுடவில்லை. இருமல் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். நிற்கவில்லை; ஐம்பதாண்டுப் பழுது ஒரு குழாயால் தீராது. "கண்ணு எரியல தம்பி, அது போதும்" என்கிறார். மருத்துவரோ விறகடுப்பை அடியோடு விட்டுவிடச் சொல்கிறார். அவர் சொல்வதே சரி. புகைபோக்கி புகையை ஒழிப்பதில்லை, வெளியேற்றுகிறது. வெளியேறிய புகை தெருவில் இன்னொருவர் மூச்சில் கலக்கிறது. கீற்றுக் கூரைக்கும் ஓர் இழப்பு உண்டு. கூரையில் பூச்சி அண்டாமல் காத்ததும், பரணில் தொங்கிய சுரை, பீர்க்கு விதைகளை வண்டரிக்காமல் வைத்திருந்ததும் அந்தப் புகையே. புகை போனபின் கூரையை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும் என்று பெரியம்மா கணக்குச் சொல்கிறார்.

இவ்வளவும் அறிந்தேதான் இதை எழுதுகிறோம். எரிவாயு வந்துவிட்டது, இனி விறகடுப்பைப் பற்றிப் பேசுவானேன் என்று திட்டங்கள் எண்ணலாம். கொல்லைப்புறத்து அண்டா அப்படி எண்ணவில்லை. விறகு எரியும் வரை அதனருகில் ஒரு பெண் நிற்பாள். எத்தனை அடுப்புகள் வழங்கப்பட்டன என்று எண்ணிய திட்டங்கள், குழாய் கூரையைத் தாண்டியதா, அதற்குள் சூடு நின்றதா, அதைத் துப்புரவு செய்ய வீட்டில் ஒருவர் பொறுப்பேற்றாரா என்று எண்ணவில்லை. இம்மூன்றும் நடக்கக் கோடிகள் வேண்டியதில்லை. ஆலை வாசலில் ஒரு சாக்குச் சாம்பலும், தகரப்பட்டறையில் ஒரு நாள் வேலையும், வீட்டு ஆண்கள் மாதம் இருமுறை ஏணி ஏறும் மனமும் போதும். முதல் இரண்டும் திருத்துறைப்பூண்டியில் எளிதாகவே கிடைக்கின்றன.