இணைப்பு விமானம்

வெளிநாட்டில் படிக்கும் மாணவர் விடுமுறைக்கு ஊர் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரே விமானத்தில் நடக்கிற காரியம் அல்ல. அமெரிக்காவிலிருந்து சென்னைக்கு நேரடி விமானமே கிடையாது. பல்கலைக்கழகம் இருக்கும் சிற்றூரிலிருந்து சிகாகோவுக்கோ நியூயார்க்குக்கோ ஒன்று, அங்கிருந்து துபாய், தோஹா, லண்டன் என்று ஏதாவது ஒரு பெரிய நிலையத்துக்கு ஒன்று, பிறகு சென்னைக்கு ஒன்று. வீடு மதுரைப் பக்கம் என்றால் இன்னும் ஒன்று. விமானம் பழுதாகி நிற்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் பயணம் அறுந்துபோவதே அதிகம். மலிவு டிக்கெட்டில் இந்த மாறுதல்கள் கூடுதல்; மாணவர்கள் வாங்குவதோ மலிவு டிக்கெட்.

மாறுதலிலும் இரண்டு வகை உண்டு. எல்லா விமானங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணுக்குள் இருந்தால், முதலாவது தாமதமாகி அடுத்தது தவறிப்போனாலும் மாற்று விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. விமானம் மாற இவ்வளவு நேரமாவது வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குக் குறைந்த இடைவெளியில் இணைப்பு டிக்கெட் விற்பதில்லை. கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்கலாமே என்று உள்நாட்டுக்கு ஒரு டிக்கெட், கடல் கடக்க ஒரு டிக்கெட் என்று தனித்தனியே வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் ஏட்டில் அவர் வராமல் போன பயணி, அவ்வளவுதான். மிச்சம் பிடித்ததுபோலப் பல மடங்கு அன்றைக்கே கவுன்ட்டரில் போய்விடும்.

2022 கிறிஸ்துமஸ் வாரத்தில் இதை அமெரிக்கா பெரிய அளவில் கண்டது. பனிப்புயலில் எல்லா நிறுவனங்களும் தடுமாறின. மற்றவை சில நாளில் சுதாரித்துக்கொண்டன, சவுத்வெஸ்ட் நிறுவனம் மட்டும் எழவில்லை. எந்த விமானி எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை அதன் பணி ஒதுக்கீட்டு மென்பொருளால் தொடர முடியவில்லை. விமானம் ஓர் ஊரில், ஓட்டுபவர் வேறு ஊரில். 16,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. 20 லட்சம் பேர் சிக்கினார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 14 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்நாளில் அந்த நிறுவனம் பிற நிறுவனங்களோடு சேர்ந்து இணைப்பு டிக்கெட் விற்கவில்லை. ஆகவே அதில் ஏறிப் பெரிய நகரம் போய் அங்கே இந்தியா செல்லும் விமானத்தைப் பிடிக்க இருந்தவர் எவராயினும், அவர் கையில் இருந்தவை இரண்டு தனி டிக்கெட்டுகள்.

பிப்ரவரியில் விமானத்தைத் தவறவிட்டால் மறுநாள் இடம் கிடைத்துவிடும். டிசம்பரில் அப்படி இல்லை. செமஸ்டர் முடிந்த மாணவர்களும், பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு கிளம்பும் குடும்பங்களும், கிறிஸ்துமஸ் பயணிகளும் ஒரே பத்து நாளுக்குள் நெருக்குகிறார்கள். எல்லா விமானமும் நிரம்பியே பறப்பதால், இறக்கிவிடப்பட்டவரை ஏற்றக் காலி இருக்கை தேடுவது பாடாகிவிடும்.

வானிலையும் அந்த மாதத்தில்தான் இரண்டு முனையிலும் சதி செய்கிறது. 2010 டிசம்பர் 18 அன்று பெய்த பனியில் லண்டன் ஹீத்ரோ முடங்கியது. முனையத் தரையில் பயணிகள் நாட்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் நிலையம் முடங்கியதற்குப் பனிகூடக் காரணமல்ல: ஓடுபாதை அருகே ட்ரோன் பறந்ததாக வந்த புகார்கள். சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டனர். பறக்கவிட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இந்த முனையில் வடகிழக்குப் பருவமழை. 2015 டிசம்பர் 1 இரவு ஓடுபாதையில் வெள்ளம் ஏறி சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடிக் கிடந்தது. சிக்கியவர்களை அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காக மறுபடி மூடினார்கள். மழை கடுமையாக இருக்கும்போது சென்னை விமானம் பெங்களூருக்குத் திருப்பப்படுவதும் வழக்கம். அதில் ஓர் ஓசூர்க்காரர் இருந்தால் அவர் பாடு பரிதாபம். வீடு பக்கத்தில்தான், ஆனால் அங்கே பொதுவாக இறங்க விடமாட்டார்கள். சென்னை போய்த்தான் திரும்பி வரவேண்டும்.

ஆள் வந்து பெட்டி வராமல் போவது அடுத்த வகை. உலக அளவில் 2007-இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் தவறின. 2023-இல் அது 7-க்கும் சற்றே குறைவு. தாமதமாகும் பெட்டிகளில் பாதிக்கு நெருக்கமானவை விமானம் மாற்றும்போதுதான் தவறுகின்றன. நாற்பது நிமிடத்தில் ஆள் ஓடிவிடலாம், பெட்டி ஓடாது. பவர் பேங்க்கைப் பெட்டிக்குள் வைத்தால் ஸ்கேனரில் பிடிபட்டு அந்தப் பெட்டி அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு.

பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் காகிதப் பட்டையில் பத்து இலக்க எண்ணும், சென்னைக்குரிய எம்.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்தும் இருக்கும். மெட்ராஸ் காலத்துக் குறியீடு அது. அதே எண் உள்ள சிறு துண்டு பயணியிடம் தரப்படும். பலரும் குப்பையில் போடுவது அதைத்தான். பெல்ட் சுற்றி ஓய்ந்த பிறகு கவுன்ட்டரில் பெட்டிப் படங்கள் போட்ட ஓர் அட்டையை நீட்டி, உங்களுடையது எது என்று கேட்பார்கள். பெரும்பாலோர் தொட்டுக் காட்டுவது சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியை. கைப்பிடியில் அம்மா கட்டிவிட்ட மஞ்சள் துணியைப் பற்றி எழுத அங்கே தரும் புகார்ப் படிவத்தில் இடம் தேடவேண்டும். ஆனால் பெட்டியைக் கண்டுபிடிக்க உதவும் தகவல் அதுதான். படிவம் நிரப்பாமல் சுங்கத்தைத் தாண்டி வெளியே போகக் கூடாது. பிறகு உள்ளே வருவது கடினம்.

சட்டம் பயணியின் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1999-இன் மான்ட்ரியால் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தரவேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். உச்சவரம்பு தோராயமாக 2,000 டாலர். இடையில் வாங்கிய சட்டை, சோப்பு ரசீதுகளும் கணக்கில் வரும். ஐரோப்பிய நகரத்திலிருந்து கிளம்பும் நெடுந்தூர விமானம் வெகுவாகத் தாமதமாகி, அது நிறுவனத்தின் குறையால் நேர்ந்தது என்றால் 600 யூரோ வரை பெறலாம். பனிக்கும் புயலுக்கும் அந்தப் பணம் இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் மட்டும் தந்தாக வேண்டும். மாணவர்கள் இவற்றைக் கேட்பதே இல்லை. ஊர் வந்து சேர்ந்த சந்தோஷத்தில் விட்டுவிடுகிறார்கள்.

திரும்பும் பயணத்தில் ஒரு கண்ணி காத்திருக்கும். வரும்போது தன் தவறால் முதல் விமானத்தை விட்டு, வேறு டிக்கெட் வாங்கி ஊர் வந்தவருக்கு, பழைய டிக்கெட்டின் மீதிப் பகுதிகள் அனைத்தும் தாமாகவே ரத்தாகியிருக்கும், ஜனவரித் திரும்புபயணம் உட்பட. இது பல சமயம் தெரிய வருவது, பொடிவகைகளும் ஊறுகாயும் கட்டிய பெட்டியோடு மீனம்பாக்கம் கவுன்ட்டரில் நிற்கும்போதுதான். விமானம் தவறிய அன்றே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு திரும்புபயணத்தை ரத்தாகாமல் வைத்திருக்கச் சொன்னால், சில நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகின்றன.