சும்மா போய்விட்டு வந்தேன்

வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இரண்டு ஆண்டுகளும் பயணக் குறிப்பாக எழுதித் தள்ளினேன். எண்பதுகளில் இந்திரா பார்த்தசாரதி பணியாற்றிய பல்கலைக்கழகம். எழுதாமல் திரும்பினால் யாராவது கேட்பார்கள். கிராக்கோவ், க்தான்ஸ்க், விஸ்துலா ஆற்றங்கரை என்று நோட்டுகள் நிறைந்தன. ஆனால் இப்போதும் நான் நினைத்துக்கொள்வது வார்சா டிராமில் பார்த்த கிழவிகளை. அந்த நகரில் 70 வயதானவர்களுக்கு டிராமும் பஸ்ஸும் இலவசம். உதட்டுச்சாயம் பூசி, தொப்பி வைத்து, இரண்டு பேராக ஏறுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பார்கள். எங்கே போகிறாய் என்று அவர்களை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

குருபரப்பள்ளிக்கு வந்தபின் மறுபடி எழுதப்போகிறேன் என்றதும், "இங்க என்ன மேம் இருக்கு, ஹைவேயும் சிப்காட்டும்தான?" என்றாள் ஒரு மாணவி. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலை இது. ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து வந்தவளுக்கு இங்கே தெரிந்த வழி விடுதியிலிருந்து கம்பெனி பஸ், கம்பெனியிலிருந்து விடுதி. வேலைக்கென்றால் எவ்வளவு தூரமும் அனுப்புவார்கள். சும்மா என்றால் தெருமுனைக்கும் காரணம் சொல்ல வேண்டும்.

2021 மே மாதம் தமிழ்நாட்டு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல். முன்பெல்லாம் பஸ்ஸுக்குக் காசு கேட்கும்போதே எங்கே, எதற்கு, எப்போது திரும்புவாய் என்று எல்லாம் சொல்லியாக வேண்டும் என்றார். இப்போது கேட்பதில்லை. ஒரு மத்தியானம் கிருஷ்ணகிரி போய், அங்கிருந்து கே.ஆர்.பி. அணைக்குப் பஸ் மாறி, பூங்காவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் சொன்னது: பல் ஆஸ்பத்திரி.

இலவசம் கொடுத்தால் பெண்கள் ஊர் சுற்றுகிறார்கள் என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. சுற்றட்டும் என்பதுதான் என் கட்சி. சம்பளம், மிச்சம், குடும்ப வருமானம் என்று கணக்குக் காட்டித்தான் இந்தத் திட்டத்தைப் பாராட்ட வேண்டுமா?

எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கதை. கர்நாடகத்தில் 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்தது. கர்நாடக முகவரி இருந்தால் இலவசம். அக்காவின் தாய்வீடு ஆனேக்கல். கல்யாணம் ஆனதும் முகவரி மாறியது. அத்திப்பள்ளி தாண்டினால் தம்பி மனைவிக்கு டிக்கெட் இல்லை, அந்த ஊரில் பிறந்த அக்காவுக்கு உண்டு. "எந்த ஊருக்காரின்னு கண்டக்டருக்குத்தாம்மா தெரியும்" என்று கன்னடம் கலந்த தமிழில் சிரிக்கிறார்.

போன வாரம் அக்காவோடு அணைக்குப் போனேன். நோட்டில் தேதி, பஸ் எண், கட்டணம் 0 என்று குறித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"எழுதிக்கோம்மா. ஆனா அணைன்னு போடாத. பல் ஆஸ்பத்திரின்னே போடு."