சர்க்கரை இல்லாத பபிள் டீ

பபிள் டீ 1980களில் தைவானில் பிறந்தது. அதில் உருளும் கறுப்பு முத்துகள் மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்தவை. நம்ம ஜவ்வரிசிக்கு உடன்பிறப்பு. முழுக்க மாவுச்சத்து. போதாததற்குச் சர்க்கரைப்பாகில் வேறு ஊறுகிறது. டீயில் சர்க்கரையைக் குறைத்து என்ன பயன்? முத்தையே மாற்ற வேண்டும்.

வீட்டில் நான் செய்வது இது. ஒரு கப் கடுந்தேநீரில் ஒரு டீஸ்பூன் அகர் அகர் தூள் கலந்து, இரண்டு நிமிடம் கொதிக்கவிடுவேன். கடையில் கடல்பாசி என்று கேட்டால் கிடைக்கும். உயரமான டம்ளரில் சூரியகாந்தி எண்ணெயை முன்கூட்டியே ஃபிரிட்ஜில் குளிரவைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் ஆகாது, உறைந்துவிடும். சற்று ஆறிய கலவையை மருந்து ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் உருண்டையாகி, அடிக்குப் போவதற்குள் இறுகிவிடும். வடிகட்டி, தண்ணீரில் அலசினால் முத்து ரெடி.

பாலிலும் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதனால் இனிப்பு சேர்க்காத பாதாம் பால், இனிப்புக்குத் துளி ஸ்டீவியா, நிறைய ஐஸ்.

அவசரக்காரர்கள் முத்துக்குப் பதிலாக ஊறவைத்த சப்ஜா விதை போட்டுக்கொள்ளலாம். ஒரு விஷயம்: ஜவ்வரிசியின் ஜவ்வு அகர் முத்தில் வராது, நறுக்கென்று கடிபடும். ஜவ்வை எதிர்பார்க்காமல் குடியுங்கள், பிடிக்கும்.