இரண்டாம் கிணற்றுக்கு வரும் இன்ஜின்

சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துக் கரிசலில் மின்இணைப்பு கிடைக்காத கிணறுகள் இன்னும் ஆயில் இன்ஜினை நம்பித்தான் இருக்கின்றன. மிளகாய் பூவெடுத்து நிற்கும்போது இன்ஜின் நின்றுபோனால் சம்சாரிக்குப் புதிது வாங்கப் பணமும் இருக்காது, பழுதுபார்த்து முடியும்வரை காத்திருக்க நாளும் இருக்காது. “பழசு ஒண்ணு பார்த்துப் போட்டுருவோம் அண்ணாச்சி” என்று மெக்கானிக் சொல்வது அப்போதுதான். இதைக் கைப்பணம் இல்லாதவனின் ஒப்பேற்று வேலை என்று படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்துப் பட்டறைகளில் பார்த்ததிலிருந்து நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. பழைய இன்ஜினை மாற்றிப் போடுவது பெரும்பாலும் சரியான முடிவே. ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்: செத்த இன்ஜின் ஏன் செத்தது? வருகிற இன்ஜின் தன் பழைய கிணற்றை விட்டு ஏன் வெளியேறியது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை யாரும் கேட்பதில்லை. இன்ஜின் தேய்ந்ததால்தான் விற்பார்கள் என்று எண்ணுவது இந்த மண்ணுக்குப் பொருந்தாது. கரைமேல் உட்காரும் பம்பு தண்ணீரை உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றழுத்தக் கணக்குப்படி அது 34 அடி; குழாய் உராய்வும் கசிவும் போக, நடைமுறையில் 20, 25 அடி. நீர்மட்டம் அதற்குக் கீழே போனால் எவ்வளவு நல்ல இன்ஜினும் பயனற்றது. கிணற்றுக்குள் மேடை கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். அதற்கும் தண்ணீர் எட்டாமல் போனால் ஆழ்துளைக் கிணறு, நீர்மூழ்கி மோட்டார் என்று மாறிவிடுவார்கள். 1990 வாக்கில் உழவர் எல்லோருக்கும் இலவச மின்சாரம் வந்ததும் இணைப்பு கிடைத்தவர்கள் இன்ஜினைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார்கள். 2021இல் அரசு ஒரு லட்சம் புதிய விவசாய இணைப்புகளை அறிவித்தபோது இன்ஜின்கள் கழற்றப்பட மறுபடியும் வழி பிறந்தது. இப்படித் தண்ணீர் விலகியதாலோ கம்பி வந்ததாலோ வெளியேறிய இன்ஜினுக்கு உள்ளே ஆயுள் மிச்சமிருக்கும். மசகு எண்ணெய் குடித்ததால் வெளியேறியதற்கு இருக்காது. பெயிண்ட் பூசி நிறுத்தினால் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அதனால் தரகரிடம் விலை கேட்பதற்கு முன், எந்த ஊர், எந்தக் கிணறு, அங்கே இப்போது எதை வைத்து இறைக்கிறார்கள் என்று கேட்கிற மெக்கானிக்கை நான் நம்புவேன்.

முதல் கேள்விக்கான பதில் பல நேரம் இன்ஜினுக்கு வெளியே கிடக்கிறது. பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு பங்கைச் சிறு குழாய் வழியே இன்ஜினுக்குள் விட்டுக் குளிரவைப்பது பரவலான வழக்கம். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள புட்வால்வு கசிந்து பம்பு தண்ணீரை விட்டுவிட்டால் பயிருக்கு மட்டுமல்ல, இன்ஜினுக்கும் தண்ணீர் நின்றுபோகும். கவனிக்க ஆளில்லாத நேரத்தில் பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொள்ளும். உப்புத் தண்ணீர்க் கிணறாக இருந்தால் தண்ணீர் சுற்றும் அறையில் படிவு இறுகி, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட் வெடிக்கும். கிணற்றுக்குள் இறக்கி வைத்த இன்ஜின் தான் விட்ட புகையையே திரும்பக் குடிக்கிறது. அந்தப் புகை இறங்கிப்போகும் மனிதனையும் கொல்லும் என்பதால், புகைக்குழாயைக் கரைவரை நீட்டாமல் எந்த இன்ஜினையும் கிணற்றுக்குள் வைக்கக் கூடாது. புட்வால்வையும் தண்ணீரையும் பார்க்காமல் பழைய இன்ஜினை உட்காரவைத்தால், அதுவும் அதே சாவுதான் சாகும். அப்போது பழி “பழசு” என்ற சொல்லின்மேல் விழும்.

பொருத்துகிற வேலையில்தான் இந்தத் தொழிலின் நுட்பம் தெரிகிறது. நாட்டில் ஓடும் சிறு டீசல் இன்ஜின்களில் இரண்டு குலம் உண்டு. ஒன்று, இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் கொண்டுவந்து, பின்னர் ராஜ்கோட் பட்டறைகள் வார்த்தெடுத்த மெதுவேக இன்ஜின். இரண்டு பெரிய பிளைவீலோடு நிமிடத்துக்கு 650 சுற்று. மற்றொன்று, கிர்லோஸ்கர், பீட்டர் வகை, 1500 சுற்று. குதிரைத்திறன் ஒன்றாக இருந்தாலும் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை அப்படியே வைக்க முடியாது. 650 சுற்று இன்ஜினில் 16 அங்குலப் புல்லியும் பம்பில் 7 அங்குலப் புல்லியும் இருந்தால் பம்பு ஏறக்குறைய 1490 சுற்று ஓடும். அதே 16 அங்குலப் புல்லியை 1500 சுற்று இன்ஜினில் மாட்டினால் பம்பை 3400 சுற்றுக்கு மேல் விரட்டும். பம்பின் வேகம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அது கேட்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இரட்டை வேகத்துக்கு மேல் போனால் எந்த இன்ஜினும் கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். புல்லி அளவு, தண்டின் விட்டம், கீ உட்காரும் பள்ளம், அடித்தள போல்ட்டுகளின் இடைவெளி, சுற்றும் திசை எல்லாம் ஒத்துவர வேண்டும். ஒத்துவராததை ஒத்துவரச் செய்வது லேத் பட்டறை. சிவகாசியின் அச்சு இயந்திரங்களும் தீப்பெட்டி இயந்திரங்களும் வளர்த்துவிட்ட கடைசல் கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. அச்சு இயந்திரத்து உருளைக்குப் புஷ் கடைகிற அதே கை, கிணற்றடிப் புல்லிக்கும் துளையைப் பெரிதாக்கித் தருகிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது, உள்ளதையே பிரித்து லைனர், பிஸ்டன், ரிங் மாற்றலாமே என்பது. உடம்பு கெடாத இன்ஜினுக்கு அதுவே நல்லது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிராங்க் தேய்ந்து மெட்டல் உருகியிருந்தாலோ, பிளாக்கில் விரிசல் விழுந்திருந்தாலோ செலவு கைமீறும். அடுத்த எதிர்ப்பு எரிபொருள். நல்ல 5 குதிரைத்திறன் இன்ஜின் முழுச்சுமையில் மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் குடிக்கும். தேய்ந்த இன்ஜின் அதற்குமேல் 150 மில்லி குடிப்பதாக வைத்துக்கொண்டால், நாளுக்கு 4 மணி நேரம், 150 நாளில் 90 லிட்டர் வீண். லிட்டர் 90 ரூபாய் என்றாலும் 8,000 ரூபாய்க்கு மேல். மலிவாக வாங்கியதன் லாபத்தை இது இரண்டு வருடத்தில் தின்றுவிடும். இந்தக் கணக்கு பழைய இன்ஜினையே விலக்கச் சொல்லவில்லை, சோதிக்காமல் வாங்குவதைத்தான் விலக்கச் சொல்கிறது. சோதனைக்குப் பெரிய கருவியும் வேண்டாம். ஹேண்டிலைச் சுற்றும்போது அழுத்தம் கையை எதிர்த்து நிற்கிறதா, சுமையோடு அரைமணி ஓடிய பிறகும் நீலப் புகை வருகிறதா, எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கிறதா, பிளைவீலைப் பிடித்து இழுத்தால் தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். சுடச்சுட நிறுத்தி மறுபடி கிளப்பிப் பார்க்காத இன்ஜினை வாங்கவே கூடாது.

பட்டாசு மண்ணுக்கே உரிய எதிர்ப்பு இன்னொன்று உண்டு. அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். மசகு எண்ணெயை எரிக்கும் இன்ஜினின் சைலன்சரில் கரி கட்டும்; கட்டிய கரி சுமையேறும்போது பொறியாகப் பறக்கும். பட்டாசுக்கான மணிமருந்து உலர்த்தும் களம் காற்று வீசும் தூரத்தில் இருக்கிற ஊரில், அப்படி ஓர் இன்ஜினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வைக்கக் கூடாது.

இவ்வளவு தீர்ப்புக்கும் மெக்கானிக்குக்குக் கிடைப்பது பொருத்துகிற கூலி மட்டுமே. கிணற்றடிக்கு வந்து புட்வால்வைத் தூக்கிப் பார்த்து, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, “உங்க இன்ஜினை மாத்த வேண்டாம்” என்று சொல்லிப் போகிறவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. மாற்றினால்தான் காசு என்றிருக்கும்வரை, மாற்றச் சொல்லும் பக்கமே தராசு சாயும். பார்த்துச் சொல்வதற்கென்று தனிக் கூலி வைத்து, செத்ததன் காரணத்தையும் வந்ததன் ஊரையும் பட்டறைச் சீட்டில் இரண்டு வரி எழுதி வாங்க வேண்டும். அதே இன்ஜின் மூன்றாவது கிணற்றுக்குப் போகும்போது, அந்தச் சீட்டும் டீசல் டேங்கோடு கட்டிக்கொண்டு கூடவே போகட்டும்.