ஓட்டலில் முதலில் எதைப் பார்ப்பது?

"மதுரைக்குப் போனீங்களே, ஜிகர்தண்டா குடிச்சீங்களா? கறிதோசை சாப்பிட்டீங்களா?" என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டார்கள். "எல்லாம் சாப்பிட்டோம். ஆனா எந்த ஓட்டலா இருந்தாலும் முதல்ல பாத்ரூமைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தோம்" என்றேன். கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். சாப்பாட்டுப் பேச்சின் நடுவே இது என்ன பேச்சு என்று உங்களுக்கும் தோன்றலாம். சகோதரிகளே, கொஞ்சம் பொறுத்துக்கொண்டு முழுக்கப் படித்துவிடுங்கள். குழந்தைகளோடு வெளியூர் போகிற எல்லோருக்கும் இது உதவும்.

எங்களுக்குச் சேலம். வீட்டில் நானும் இவரும், அத்தையும், இரண்டு குழந்தைகளும். 2023-ஆம் வருடம் கோடை விடுமுறையில் முதல் முறையாகக் குழந்தைகளை மதுரைக்கு அழைத்துப் போனோம். அப்போது பெரியவனுக்கு 11 வயது, சின்னவளுக்கு 7. விடியற்காலையில் பஸ் ஏறினோம். கரூர் தாண்டியதும் நெடுஞ்சாலையோரம் ஒரு மோட்டலில் பஸ்ஸை நிறுத்தி, "பதினைந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு டிரைவரும் கண்டக்டரும் உள்ளே போனார்கள்.

அந்த மோட்டலின் பெயர் வேண்டாம். அதுபோல நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலில் காதைப் பிளக்கும் பாட்டு, உள்ளே ஆறிப்போன பூரி. பின்பக்கம் பாத்ரூமுக்குக் காசு வாங்க மட்டும் ஆள் இருந்தார். உள்ளே குழாயில் தண்ணீர் இல்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை. சின்னவள் ஒரு எட்டு உள்ளே வைத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

"எனக்கு வரலம்மா. நான் போகல."

"அடக்கிக்க கண்ணு. மதுரை வந்துடும். தண்ணி நிறையக் குடிக்காத" என்றேன் நான்.

இந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். அதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

மதுரையிலும் அதே கதைதான். பெரிய போர்டு, குளிர்சாதன வசதி, கண்ணாடிக் கதவு என்று பார்த்து ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தோம். ஆர்டர் கொடுத்துவிட்டு விசாரித்தால், "லேடீஸ் பாத்ரூம் ரிப்பேரும்மா" என்றார்கள். இரண்டு நாளும் அப்படியே போயிற்று. தங்கிய விடுதியை விட்டால் வெளியில் எங்கேயும் அவள் போகவில்லை. போக வேண்டியிருக்குமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சிறுநீர் கழிக்கும்போது "எரியுதும்மா" என்று அழுதாள். டாக்டர் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொன்னார். கிருமி தாக்கியிருந்தது. பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பாதை நீளம் குறைவு. அதனால் கிருமிகள் சிறுநீர்ப்பைக்கு எளிதில் ஏறிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்தால், அவை அதோடு அடித்துக்கொண்டு போய்விடும். தண்ணீரும் குடிக்காமல் அடக்கியும் வைத்தால் உள்ளேயே தங்கிப் பெருகும். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, "பயணத்துல தண்ணி குடிச்சாளா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்றிரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு என் அம்மா சொன்னது அதுதான். கல்யாண வீடானாலும், கோயிலானாலும், பஸ் பயணமானாலும் பெண்கள் நாம் தண்ணீர் குடிக்காமலேயே போய் வருவோம். அதைச் சாமர்த்தியம் என்றுகூட நினைத்துக்கொள்வோம். அந்தச் சாமர்த்தியத்தைத்தான் ஏழு வயதுக் குழந்தைக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

மருந்து முழுவதும் கொடுத்து, நாலைந்து நாளில் சரியானது. ஆனால் "வெளியூருக்குப் போகலாமா?" என்றாலே அவள் "வேண்டாம்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள். அது எனக்குக் காய்ச்சலைவிடப் பெரிய கவலையாகிவிட்டது.

2025 மே மாதம் மறுபடியும் மதுரைக்குப் போவோம் என்று நானேதான் பேச்செடுத்தேன். இந்த முறை அத்தையும் கூட வந்தார். புறப்படும் முன்பே இவரிடம், "என்னங்க, ஓட்டலை நாம தேர்ந்தெடுக்கணும்னா, பஸ்ஸை விட்டு இறங்குற இடத்தை முதல்ல நாம தேர்ந்தெடுக்கணும்" என்றேன். மதுரைக்கு நேராக டிக்கெட் எடுக்கவில்லை. நாமக்கல் வழியாகக் கரூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கே இறங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திண்டுக்கல் வழியாக மதுரைக்கு வேறொரு பஸ். ஏறக்குறையப் பாதி வழி அது. ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது உண்மைதான். ஆனால் "பதினைந்து நிமிஷம்" என்று யாரும் விரட்டவில்லை.

கரூரில் முதல் ஓட்டல் வாசலிலேயே சின்னவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இவரையும் மற்றவர்களையும் வெளியே நிறுத்திவிட்டு, நான் மட்டும் உள்ளே போய்ப் பார்த்தேன். பிடிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அடுத்த ஓட்டலில் கல்லாவில் இருந்தவரிடம், "குழந்தைக்குப் பாத்ரூம் போகணுங்க" என்றேன். அவர் சாவியை எடுத்துக் கொடுத்து, "பின்னாடி வலது பக்கம் இருக்குதும்மா" என்றார். சின்ன ஓட்டல்தான். ஆனால் கழுவித் துடைத்திருந்தது, குழாயில் தண்ணீர் வந்தது, சோப்பும் இருந்தது. அங்கேயே உட்கார்ந்தோம்.

"ஓட்டலுக்கு வந்து கக்கூசைப் பார்த்துட்டுச் சாப்பிடறவ நீ ஒருத்திதான்" என்று அத்தை சிரித்தார். மூட்டு வலிக்காரரான அவரே மதுரையில், "இங்க உட்கார்ற மாதிரி இருக்கான்னு எனக்கும் பார்த்துட்டு வந்துடும்மா" என்று சொல்லும்படி ஆனது!

இதை உட்காருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். இலை போட்ட பிறகு எழுந்து போவதற்கு நமக்கும் கூச்சம், வீட்டு ஆண்களுக்கும் சங்கடம். கை கழுவும் இடமும் பாத்ரூமும் சுத்தமாக இருக்கிற ஓட்டலில் சமையல்கட்டையும் அநேகமாக யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டுதான் இருப்பார். அப்படியே கல்லாப் பக்கம் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஓட்டல் நடத்துபவர்கள் உரிமமோ பதிவோ வாங்கி, 14 இலக்க எண்ணுள்ள அந்தச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும்.

இனி மதுரைக்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகச் சதுரம் சதுரமாக இருக்கின்றன. உள்ளே இருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. "தமிழ் மாசமெல்லாம் தெருவா இருக்கும்மா!" என்று பெரியவனுக்கு ஒரே ஆச்சரியம். மாசி வீதிகளிலும் ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் ஓட்டல்களுக்குக் குறைவில்லை. ஆனால் நேரம்தான் முக்கியம். பகல் 12.30 மணி வாக்கில் கோயில் நடை சாத்துவார்கள். அந்தக் கூட்டம் முழுவதும் அப்படியே பக்கத்து ஓட்டல்களுக்குள் நுழையும். சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் அடுத்தவர் இடம் பிடித்து நிற்பார். அந்த நேரத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு சாப்பிடுவது பெரிய பாடு. நாங்கள் காலையிலேயே தரிசனம் முடித்து, ஆயிரங்கால் மண்டபமும் பார்த்துவிட்டு, பதினொன்றே முக்காலுக்கெல்லாம் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டோம். சாதம் ஆவி பறக்க வந்தது. பரிமாறுகிறவருக்கும் நாம் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க நேரம் இருந்தது.

பரிமாறுகிறவரிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "குழந்தைக்குக் காரமில்லாம என்ன தருவீங்க?" என்று. "இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் வைக்கறேன், சாதத்துக்குப் பருப்பும் நெய்யும் தரேன்" என்று உடனே பதில் வந்தால், அது குழந்தைகளை அறிந்த இடம். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றால் யோசிக்க வேண்டியதுதான். மதுரைச் சால்னா பெரியவர்களுக்கே கண்ணில் தண்ணீர் வரவழைக்கும்!

உட்காருகிற இடத்தையும் பாருங்கள். குழந்தைகளைச் சுவர் பக்கமாக உட்கார வையுங்கள். நடைபாதை ஓரத்தில் உட்கார வைத்தால், கொதிக்கும் சாம்பார் வாளி அவர்கள் தலைக்கு நேராகத்தான் போய்வரும். காபி டம்ளரை மேஜை விளிம்பில் வைக்க விடாதீர்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடான காபி குடிப்பது வேண்டவே வேண்டாம்.

மறுநாள் இவரும் பெரியவனும் கறிதோசை சாப்பிட ஆசைப்பட்டார்கள். கண் முன்னால் தோசைக்கல்லில் வேகிற இடமாகப் பார்த்துப் போகச் சொன்னேன். அசைவமோ சைவமோ, பயணத்தில் சுடச்சுட இருப்பதுதான் நல்லது. வெட்டி வைத்த பழம், பச்சை வெங்காயம், ஆறிய சட்னி இவற்றைத் தள்ளிவிடலாம். ஜிகர்தண்டாவில் பாலும் நன்னாரி சர்பத்தும் கடல்பாசியும் ஐஸ்கிரீமும் சேர்கின்றன. கூட்டம் உள்ள, சுத்தமான கடையாகப் பார்த்து, தனியாக ஐஸ் கட்டி போட வேண்டாம் என்று சொல்லி வாங்கினோம். ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று நமக்குத் தெரியாதே. சாயங்காலம் திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்துவிட்டு வரும் வழியில், குழந்தைகளுக்குச் சூடாகப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தோம். பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் எடுத்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். சின்னவள் இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

கைக்குழந்தை உள்ள இளம் தாய்மார்களுக்கு இன்னும் சில விஷயங்கள். ஒரு கிண்ணமும் கரண்டியும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஓட்டலில் சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவி, சூடான இட்லியை அதில் குழைத்துக் கொடுக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் கொடுக்கக் கூடாது. சின்னக் குழந்தைகளுக்குப் பொங்கலில் இருக்கும் முழு மிளகு, முந்திரி, வேர்க்கடலை எல்லாம் தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். பொறுக்கி எடுத்துவிடுங்கள். பால் கொடுக்க மறைவிடம் இருக்கிறதா என்று ஓட்டலில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் அமைத்திருக்கிறார்கள்.

பெண் குழந்தைகளை வெளியில் இருக்கும்போது மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பாத்ரூமுக்கு அழைத்துப் போங்கள். கழுவும்போது முன்னிருந்து பின்பக்கமாகக் கழுவப் பழக்குங்கள். எரிச்சல், அடிவயிற்று வலி, காரணம் தெரியாத காய்ச்சல் என்று இருந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தாமல், அவர் சொன்ன நாள் வரை கொடுங்கள்.

ஊர் திரும்பும்போது திண்டுக்கல்லில் இறங்கினோம். நான் பையை எடுத்துத் தோளில் மாட்டுவதற்குள் சின்னவள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு எதிரே இருந்த ஓட்டலுக்குள் போய்விட்டாள். நான் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"தண்ணி வருதும்மா. தாழ்ப்பாளும் இருக்கு. உட்காரலாம்."

கல்லாவில் இருந்தவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. மேஜையில் வைத்த தண்ணீரை அவள் மடமடவென்று குடித்துவிட்டு, என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "நீயும் குடிம்மா" என்றாள்.

நாற்பது வயதுக்கு மேல், பயணத்தின் நடுவில் முதல் முறையாக ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் குடித்தேன்.